பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளைத் தினசரி வண்டியாக்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

1970-களின் ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்துவிட்டது, ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார வசதியாக ஒன்று, மட்கார்டு, தோல் சீட், பித்தளை பெல் எல்லாம் போட்டு ரயில் நிலையத்துக்கோ ஆபீஸுக்கோ தினமும் ஓட்டலாம் என்று வேலையை ஆரம்பித்தாயிற்று, பாதியில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை, அல்லது எல்லாம் பொருந்தி ஓட்டிப் பார்த்தால் சத்தம் வருகிறது. அந்தக் கட்டத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் பெரியவர்களிடையே சைக்கிள் மோகம் உச்சத்துக்குப் போனது; 1973-ல் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி சைக்கிள்கள் விற்றன. பெஜோ யு.ஓ.-8, ராலே கிராண்ட் ப்ரீ, ஷ்வின் வார்சிட்டி என்று அப்போது வாங்கிய 10 கியர் வண்டிகள் இன்றும் கராஜ் சேல்களில் தூசியோடு வந்து நிற்கின்றன. என்னுடையது பெஜோ யு.ஓ.-8. 60 டாலருக்கு வாங்கினேன். பிரெஞ்சு வண்டி என்பதால் அளவுகளில் நிறைய கஷ்டப்படுத்தியது, அதனாலேயே நிறைய கற்றுக்கொடுத்தது. கீழே வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்துதான், ஆனால் ராலேயோ ஜப்பானிய வண்டியோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்தப் பாகத்தையும் ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கிவிடுங்கள். இந்த வேலையில் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் விவகாரம். அப்புறம், வரிசை முக்கியம்: முதலில் வண்டி நிற்க வேண்டும், அடுத்து ஒழுங்காக உருள வேண்டும், அதற்கடுத்து உட்கார சுகமாக இருக்க வேண்டும். தோல் கைப்பிடியும் பித்தளை பெல்லும் அதற்குப் பிறகு.

கையை லேசாக விட்டால் ஒரு பக்கமாக இழுக்கிறது

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், ஃபிரேம் வளைந்திருந்தால் மற்ற எதற்கும் காசு செலவழிக்கக்கூடாது. ஹேண்டில்பாருக்குக் கீழே நிற்கும் குட்டைக் குழாயிலிருந்து பின்னால் பிரிந்து போகும் இரண்டு குழாய்களின் அடிப்பக்கத்தையும், சேருமிடத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தூரம் வரை, விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சின்ன மேடு தட்டுப்பட்டாலோ பெயின்ட் சுருங்கியிருந்தாலோ அந்த வண்டி எப்போதோ எதிலோ நேராக மோதியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும்.

அடுத்து நூல் கட்டிப் பார்க்கும் சோதனை. பின்சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸில் உட்காரும் ஒரு பக்கத்துப் பள்ளத்தில் நூலைக் கட்டி, முன்னால் கொண்டுபோய் அந்தக் குட்டைக் குழாயைச் சுற்றி, மறுபக்கப் பள்ளத்தில் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா என்று அளங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. மூன்று நான்கு என்றால் பின்பக்கம் கோணியிருக்கிறது. ஸ்டீல் என்பதால் ஃபிரேம் கட்டுகிறவர் நிமிர்த்திவிட முடியும், அது ஸ்டீலின் பெரிய வரம். எல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் பெரும்பாலும் சக்கரம்தான் நடுவில் உட்காரவில்லை, நட்டைத் தளர்த்தி நேராக்கிப் பாருங்கள்.

சீட் பில்லர் அல்லது ஸ்டெம் அசையவே மாட்டேன் என்கிறது

சீட் பில்லர் என்பது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் குழாய்; ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் இறங்கும் பாகம். முதலில் ஸ்டெம். மேலே இருக்கும் போல்ட்டைத் தளர்த்திவிட்டு ஹேண்டில்பாரைப் பிடித்து முறுக்குகிறவர்கள் நிறைய பேர். போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, உள்ளே ஒரு ஆப்பு இறுகியிருக்கும். போல்ட்டை இரண்டு மூன்று சுற்று மட்டும் வெளியே எடுத்து, அதன் தலைமேல் மரத்துண்டை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஆப்பு கீழே இறங்கும், ஸ்டெம் சுழலும்.

அப்படியும் வரவில்லை என்றால் அலுமினியமும் ஸ்டீலும் 40, 50 வருடம் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. துரு கழற்றும் எண்ணெயை விட்டு, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி அடிப்பக்கத்திலிருந்தும் விட்டு, இரண்டு மூன்று நாள் விடுங்கள். அலுமினியப் பாகமாக இருந்தால் எண்ணெயைவிட அம்மோனியா நன்றாக வேலை செய்யும், திறந்த வெளியில் வைத்து ஊற்றுங்கள். காஸ்டிக் சோடா ஊற்றி பில்லரையே கரைத்து எடுப்பவர்கள் உண்டு. கண்ணுக்கும் கைக்கும் அது எவ்வளவு ஆபத்து என்று தெரிந்ததால் நான் அதைச் செய்ததில்லை, உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். திரும்பப் போடும்போது கிரீஸ் தடவாமல் போடாதீர்கள்.

பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்கவில்லை, மழையில் சுத்தமாக நிற்கவில்லை

இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், நீங்களும் செலவழிக்க வேண்டும்.

முதல் காரணம் ரிம். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் குரோம் பூசிய ஸ்டீல் ரிம். வெயிலில் சுமாராக நிற்கும். மழையில் ரப்பர் அந்த வழுவழுப்பான குரோம்மேல் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டே போகும், நீங்கள் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து அழுத்தினாலும் சிக்னலைத் தாண்டித்தான் நிற்பீர்கள். பிரேக் கட்டையை மாற்றினால் கொஞ்சம் முன்னேற்றம் உண்டு. ஆனால் தினமும் ஓட்டப்போகிற வண்டிக்கு என் தீர்ப்பு ஒன்றுதான்: அலுமினிய ரிம் சக்கரம் வாங்குங்கள். மொத்த வேலையிலும் செலவழித்த காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ரிம் ஏற்கெனவே அலுமினியமாக இருந்து கட்டை மட்டும் பழையது என்றால், 40 வருட ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழவில்லை என்றால் தூக்கிப்போடுங்கள்.

இரண்டாவது காரணம் நிறைய பேர் மாட்டிக்கொள்வது. நிமிர்ந்த ஹேண்டில்பார் போட்டதும் அதற்கேற்ற பிரேக் லீவர் தேவைப்படுகிறது, கடையில் அழகாக இருக்கும் ஏதோ ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். அது வி-பிரேக்குக்கான (மவுண்டன் பைக்குகளில் வரும் நீளக்கை பிரேக்) லீவராக இருந்தால், கேபிளை அதிக தூரம் இழுக்கும், அதனாலேயே பலம் குறைவாகக் கொடுக்கும். பழைய காலிப்பர் பிரேக்கோடு (ரேஸ் சைக்கிளில் ரிம்மைக் கவ்வும் பிரேக், அளக்கும் காலிப்பர் அல்ல) சேர்ந்தால் லீவர் கல்லு மாதிரி கெட்டியாக இருக்கும், கையில் பிடிக்கும்போது "ஆஹா, என்ன உறுதி" என்று தோன்றும், வண்டி மட்டும் நிற்காது. கெட்டியான லீவர், நிற்காத வண்டி என்ற இந்த அறிகுறி வந்தால் லீவரைத்தான் சந்தேகப்பட வேண்டும். காலிப்பர் பிரேக்குக்கான லீவர் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது கேபிள். பழைய உறைக்குள் பிளாஸ்டிக் குழாய் இருக்காது, இரும்பு இரும்போடு உரசும். புது உறை, புது உள்கம்பி போட்டாலே வேறு வண்டி மாதிரி இருக்கும். உறையை வெட்டிய பிறகு நுனியை அரத்தால் தட்டையாக்கி, உள்ளே நசுங்கிய குழாயை ஊசியால் திறந்துவிடுங்கள். அதைச் செய்யாவிட்டால் புதுக் கேபிளும் பழைய மாதிரியே இழுக்கும்.

பிடிக்கும்போது கிரீச்சென்று கத்தினால், கட்டையின் முன்நுனி பின்நுனியைவிட ஒரு மில்லிமீட்டர் முந்தி ரிம்மைத் தொடும்படி திருப்பி இறுக்குங்கள். என் வண்டியில் இருப்பது மஃபாக் சென்டர்புல், அதாவது கேபிள் நடுவிலிருந்து இழுக்கும் வகை, அதில் கட்டை எந்தக் கோணத்திலும் திரும்பும், இந்த வேலைக்கு அதைவிட வசதியான பழைய பிரேக் நான் பார்த்ததில்லை. ஒரு எச்சரிக்கை: சென்டர்புல் பிரேக்கில் மேலிருந்து வரும் பிரதான கேபிள் அறுந்தால் குறுக்குக் கம்பி அப்படியே டயர்மேல் விழுந்து முன்சக்கரத்தைப் பூட்டிவிடும், ஆள் தலைகீழாகப் போவார். முன் மட்கார்டு இருந்தால் அதன்மேல் விழும். மட்கார்டு போடாதவர்கள் அங்கே இருக்கும் ரிஃப்ளெக்டர் பட்டையை, அழகில்லை என்று கழற்றிவிடாதீர்கள்.

வளைந்த ஹேண்டிலின் மேல்பகுதியிலிருந்து பிடிக்க வசதியாக அந்தக் காலத்தில் இரண்டாவதாக ஒரு நீட்டு லீவர் வைத்திருப்பார்கள். ஹேண்டிலை மாற்றாமல் வைத்துக்கொள்கிறவர்களும் அதைக் கழற்றிவிடுவது நல்லது. பிடி கிடைப்பதற்குள் அது ஹேண்டிலில் போய் இடித்துவிடும்.

புது டயர் ரிம்மில் ஏற மறுக்கிறது, அல்லது காற்றடித்ததும் படாரென்று வெளியே வருகிறது

அமெரிக்காவில் விற்ற இந்த வண்டிகளில் பெரும்பாலும் 27 x 1¼ டயர். இன்று எல்லாரும் விற்பது 700சி. பெயரைப் பார்த்தால் ஒன்று போலத் தோன்றும், இரண்டும் வேறு. டயர் உட்காரும் விட்டம் 27 அங்குலத்துக்கு 630 மி.மீ., 700சி-க்கு 622. அந்த 8 மில்லிமீட்டருக்காக டயர் லீவரை உடைத்தவர்கள் உண்டு. டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் 630, 622 என்ற எண்ணை மட்டும் நம்புங்கள்.

காற்றடித்ததும் வெளியே வருவது வேறு கதை. பழைய ஸ்டீல் ரிம்மின் உள்விளிம்பில் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி கிடையாது, நேராக இருக்கும். புது டயரில் 90 பி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறது என்று அவ்வளவும் அடித்தால் விளிம்பிலிருந்து நழுவி டியூப் வெடிக்கும். 65, 70-க்கு மேல் போகாதீர்கள்.

700சி அலுமினியச் சக்கரத்துக்கு மாறினால் ரிம் 4 மி.மீ. கீழே இறங்கும், பிரேக் கட்டை அந்த அளவுக்கு எட்ட வேண்டும். வாங்குவதற்கு முன் பிரேக்கின் போல்ட் ஓட்டையிலிருந்து புது ரிம்மின் நடு வரை எவ்வளவு வரும் என்று அளந்துவிடுங்கள். மஃபாக் தாராளமாக எட்டியது. சில வண்டிகளில் எட்டாது, அப்போது 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும் டெக்ட்ரோ ஆர்559 மாதிரி நீளக்கை பிரேக் வேண்டும். மாறியதில் ஒரு லாபம், அந்த 4 மில்லிமீட்டரில் 32 மி.மீ. அகல டயரும் மட்கார்டும் சேர்ந்து உட்கார்ந்துவிடும்.

பின்சக்கரத்தின் அகலத்தையும் பாருங்கள். 5 பல்சக்கர காலத்து ஃபிரேமின் பின்பக்க இடைவெளி 120 மி.மீ. ரிம் பிரேக்குக்கான இன்றைய ரோடு சக்கரம் 130. கையால் விரித்துத் திணிப்பதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஃபிரேம்காரரிடம் கொடுத்து நிரந்தரமாக விரித்து, இரண்டு பக்கமும் இணையாக நிமிர்த்தித் தரச் சொல்லலாம், ஸ்டீல் தாங்கும். அதைவிட எளிது, ஒற்றை கியர் டிராக் ஹப் (ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பாகம்) சக்கரம் வாங்குவது. அது 120 மி.மீ. அளவிலேயே வருகிறது, அப்படியே உள்ளே போய் உட்காரும்.

புது ஹேண்டில்பார் ஸ்டெம்மில் நுழையவில்லை, அல்லது குழியில் இறங்கினால் தானாகச் சுழல்கிறது

பிரெஞ்சு ஸ்டெம்மின் வாய் 25.0 மி.மீ. இன்று கிடைக்கும் நிமிர்ந்த ஹேண்டில்பார்கள் பெரும்பாலும் 25.4. நுழையாது. திருகாணியை நெம்பி வாயை விரித்தால் அலுமினியம் விரிசல் விடும், அந்த விரிசல் ஒருநாள் நடுச்சாலையில் முழுசாகப் பிளக்கும். தலைகீழாகச் செய்து, 25.0 ஹேண்டிலை 25.4 வாயில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சுழலும். தீர்வு ஸ்டெம்மை மாற்றுவது. அங்கேயும் ஒரு முடிச்சு: பிரெஞ்சு ஃபோர்க்கின் உட்பக்கம் 22.0 மி.மீ. ஸ்டெம்முக்கானது, மற்ற எல்லாரும் செய்வது 22.2. நான் 22.2 ஸ்டெம் வாங்கி, உள்ளே போகும் பகுதியை மட்டும் எமரி பேப்பரைச் சுற்றிப் பிடித்து ஒரு மணி நேரம் பொறுமையாகத் தேய்த்தேன், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை காலிப்பரால் அளந்து. 0.2 மி.மீ. என்பது ஒன்றுமில்லாதது மாதிரி இருக்கிறது, கையால் தேய்த்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு உலோகம் என்று தெரியும். அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிய அந்த நேரம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பழைய ஸ்டெம்மையே வைத்துக்கொள்கிறவர்கள் அதை முழுக்க வெளியே எடுத்து, ஆப்பு உட்காரும் கீழ்நுனியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அன்றோடு முடிந்தது. திரும்பப் போடும்போது குறைந்தபட்ச ஆழக் கோடு கண்டிப்பாக உள்ளே மறைய வேண்டும், உயரம் போதவில்லை என்பதற்காக அதை வெளியே விடக்கூடாது.

பழைய லீவரை நிமிர்ந்த ஹேண்டிலில் மாட்ட முடியாததற்கும் அளவுதான் காரணம். வளைந்த ஹேண்டிலின் பிடி 23.8 மி.மீ., நிமிர்ந்ததற்கு 22.2.

நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு பின்பக்கம் வலிக்கிறது

ஹேண்டிலை மாற்றியதும் உடம்பின் பாரம் கையிலிருந்து சீட்டுக்கு இறங்கிவிடும். ரேஸ் சைக்கிளின் ஒல்லிச் சீட் குனிந்து உட்காருகிறவருக்குச் செய்தது. அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட்டுக்கு மாறுங்கள். புரூக்ஸ் பி17 அழகுதான், ஆனால் அது ஸ்பிரிங் இல்லாதது, பாதி குனிந்து ஓட்டுவதற்கு உரியது. முழுக்க நிமிர்ந்தால் பி67 மாதிரி ஸ்பிரிங் உள்ள அகலச் சீட்தான் சரி. சீட்டை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளி, மூக்கை மிக லேசாக மேலே தூக்கியும் பாருங்கள். பில்லர் வாங்குகிறவர்கள் அளக்காமல் வாங்காதீர்கள், என் வண்டியில் அது 24.0 மி.மீ., கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 27.2 பக்கத்தில்கூட வராது.

பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்"

ஒரு பக்கக் கால் கீழே அழுத்தும்போது மட்டும் வரும், கைக்கு அல்ல, பாதத்துக்குத் தெரியும் ஒரு சின்ன ஆட்டம். நம் ஊர் வண்டிகளில் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், காட்டர் பின். யு.ஓ.-8-ல் கிராங்க்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, ஆக்ஸிலோடு பிணைப்பது அந்த ஆப்பு ஊசிதான். அது தேய்ந்துவிட்டது அல்லது சரியாக உட்காரவில்லை.

கழற்றும் முறை முக்கியம். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள். நட்டை முழுக்கக் கழற்றாமல், அதன் மேல்பரப்பு திருகின் நுனியோடு சமமாக இருக்கும்வரை மட்டும் தளர்த்துங்கள், அப்போதுதான் அடிக்கும்போது திருகு சிதையாது. கிராங்க்கின் அடியில், பின்னின் தலைக்கு நேராக, அந்தத் தலை நுழையும் அளவுக்கு வாயுள்ள கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையிலிருந்து முட்டுக்கொடுங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸ் மேல் விழுந்து, அது ஓடும் கிண்ணமான கப்பில் குழி விழும், புதுக் கோளாறு ஒன்றை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள். முட்டு கொடுத்த பிறகு கனமான சுத்தியலால் ஒரே ஒரு தீர்மானமான அடி. பயந்து பயந்து பத்துத் தடவை தட்டினால் பின் வளைந்து உள்ளேயே மடங்கிக்கொள்ளும், அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். காட்டர் பின் அழுத்தி எடுக்கும் பிரெஸ் ஒன்று யாரிடமாவது இருந்தால் சுத்தியலே வேண்டாம்.

வெளியே வந்த பின்னை அளங்கள். பிரெஞ்சு வண்டியில் பொதுவாக 9.0 மி.மீ., பிரிட்டிஷ் வண்டியில் 9.5. சரிவான பக்கத்தில் நடுவே ஒரு பள்ளம் தேய்ந்திருக்கும், அந்தப் பள்ளம்தான் உங்கள் "டக்". புதுப் பின்னின் சரிவை அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தி, திருகு மறுபக்கம் போதுமான அளவு வெளியே வரும்வரை சரிபாருங்கள். இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், ஒரே திசையில் போட்டால் இரண்டு பெடலும் நேர்க்கோட்டில் நிற்காது. மறுபடியும் முட்டுக்கொடுத்து அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட். நட் பின்னை இழுத்து இறுக்காது, நழுவாமல் பிடிக்க மட்டும்தான், அதைப் போட்டு முறுக்கினால் திருகு அறுந்துவிடும். 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு அடி, நட் ஒரு கால் சுற்று. இந்தக் கடைசி வேலையை விடுகிறவர்களுக்குத்தான் ஒரு வாரத்தில் சத்தம் திரும்ப வரும்.

பின் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் பெடலின் கோன், அப்புறம் உள் ஆக்ஸிலின் கப். கப் கழற்றும்போது ஜாக்கிரதை: பிரிட்டிஷ் மரையில் வலது கப் தலைகீழ்த் திருகு, கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். பிரெஞ்சு மரையில் இரண்டு பக்கமும் சாதாரணத் திருகு. தெரியாமல் எதிர்த்திசையில் பலம் கொடுத்து இறுக்கிக்கொண்டே போகாதீர்கள்.

பிரெஞ்சு பெடல்களில் டி (D), ஜி (G) என்று எழுத்துகள் பொறித்திருக்கும், டி வலது, ஜி இடது. அதன் மரை 14 மி.மீ., இன்றைய பெடலுடையது 9/16 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 14.3. புதுப் பெடல் நுழையாது. ஸ்டீல் கிராங்க்கில் 9/16 டேப் (மரை வெட்டும் கருவி) போட்டு மரையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், இடது பக்கத்துக்கு இடது டேப்.

செயின் நழுவுகிறது அல்லது கழன்று விழுகிறது

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் நழுவினால்: புதுச் செயின், பழைய ஃப்ரீவீல் (பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரத் தொகுதி). தேய்ந்த பல்லில் புதுச் செயின் உட்காராது, இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பழைய செயினை அளக்க ஸ்கேல் போதும். புதுச் செயினில் 24 பின் இடைவெளி சரியாக 12 அங்குலம் வரும். 12-க்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள், 1/8 தாண்டிவிட்டால் ஃப்ரீவீலும் போயிருக்கும்.

ஒற்றை கியராக மாற்றிய பிறகு கழன்று விழுந்தால் முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் செயினின் மேல்கோட்டைப் பாருங்கள், கோணல் தெரியும். முன்பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்சக்கரங்களில் எது நேர்க்கோட்டுக்கு அருகில் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு, மீதியை ஆக்ஸில் வாஷரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றிச் சரிசெய்யலாம், சக்கரத்தை மறுபடி நடுவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். இந்த ஃபிரேம்களில் ஆக்ஸில் பள்ளம் கிடைமட்டமாக நீண்டிருப்பதால் சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை இறுக்கிவிடலாம். நடுவில் விரலால் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் ஆட வேண்டும், கம்பி மாதிரி விறைப்பாக வைத்தால் பால்ரஸ் போய்விடும். எந்த அளவு கியர் என்று கேட்டால், தட்டையான ஊரில் 42 பல்லுக்கு 18 பல் எனக்குச் சுகமாக இருக்கிறது, ஒரு மிதிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் போகும்.

மிதிக்கும்போது கியர் தானாக மாறுகிறது

கீழ்க்குழாயில் இருக்கும் லீவரின் பக்கத்துத் திருகாணியை இறுக்குங்கள். லீவரைப் பிடித்து வைத்திருப்பது அந்த உராய்வு மட்டும்தான். முடிந்தது. பெஜோவில் இருக்கும் சிம்ப்ளெக்ஸ் கியர் மாற்றி பிளாஸ்டிக்கால் ஆனது, அதில் விரிசல் கண்டால் ஒட்டிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் போட்டவர்களுக்கு வேறு அறிகுறி: இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் திடீரென்று காலியாகச் சுற்றும். எழுந்து நின்று மிதிக்கும்போது இது நடந்தால் விழுந்துவிடுவோம். லீவரை இரண்டில் வைத்து, வலது நட்டின் பக்கத்து ஜன்னல் வழியாகப் பாருங்கள். கேபிள் இழுக்கும் குட்டிச் செயினோடு சேர்ந்த சின்னக் கம்பியின் தோள்பகுதி ஆக்ஸில் நுனியோடு சமமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் திருகைத் திருப்பி அங்கே கொண்டுவாருங்கள்.

முன்சக்கரம் நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறது

முன்பக்கத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் நடுவில் "க்ளிக்" என்று பிடிக்கும். ஹேண்டில் திரும்பும் இடத்துக் கப்பில் பால்ரஸ் குழி பறித்துவிட்டது. புதுக் கப் செட் பிரெஞ்சு மரையில் சுலபமாகக் கிடைக்காது, அதனால் இதைச் செய்யுங்கள்: கழற்றிச் சுத்தம் செய்து, பால்ரஸைப் பிடித்திருக்கும் பழைய கூண்டை எடுத்துவிட்டு, அதே அளவு பால்ரஸை உதிரியாக நிரப்புங்கள், ஒன்றிரண்டு விடுவதற்கு மட்டும் இடம் இருக்கட்டும். எண்ணிக்கை மாறியதால் பால்ரஸ் பழைய குழிகளில் ஒரே நேரத்தில் விழாது. என் வண்டி இப்படியே நான்கு வருடமாக ஓடுகிறது.

மட்கார்டு உரசுகிறது, கால் நுனி இடிக்கிறது

உரசலுக்குப் பெரும்பாலும் கம்பியை இழுத்து வளைத்து மாட்டியதுதான் காரணம். எந்தப் பக்கமும் இழுக்காமல் மட்கார்டு தானாக நிற்கும் இடத்தில் வாஷர் வைத்து இறுக்குங்கள், டயரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு. கால் நுனி மட்கார்டில் இடிப்பது மெதுவாகத் திரும்பும்போது மட்டும் நடக்கும், அந்த இடத்தில் மிதிக்காமல் உருளப் பழகிக்கொள்ள வேண்டியதுதான், அதற்காக ஃபோர்க்கை வளைக்கிற யோசனை சொல்பவர்களைக் கேட்காதீர்கள்.

டைனமோ லைட் மினுமினுக்கிறது

டயரில் உரசும் பாட்டில் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு ஒயர் போகும், திரும்பி வரும் பாதை ஃபிரேமின் இரும்பே. பழைய வண்டிக்கு ஆசையாகப் புது பெயின்ட் அடித்தவர்களுக்கு இது வரும், பெயின்ட் மின்சாரத்தைத் தடுத்துவிடும். கிளாம்பில் ஒரு கூர்த் திருகாணி இருக்கும், அது பெயின்ட்டைத் துளைத்து உலோகத்தைத் தொடும்வரை திருகுங்கள். விளக்கைப் பிளாஸ்டிக் மட்கார்டின்மேல் மாட்டியிருந்தால் அந்தப் பாதையே கிடையாது, அதன் உடம்பிலிருந்து டைனமோவின் உடம்புக்கு இரண்டாவது ஒயர் இழுத்துவிடுங்கள். நான் கடைசியில் எல்லா இடத்திலும் இரண்டு ஒயராக மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு ஜனவரி இரவில் உப்புத் தண்ணீர் தெறிக்கும் சாலையில்கூட ஒருமுறையும் அணையவில்லை.